ஸ்கந்தர்பெக் பட்டமும் பாதிக் கோப்பையும்

ஷ்கோத்ரா
11 டிசம்பர் 1941

காஸ்பர் அண்ணா,

‘அன்புள்ள’ என்று ஆரம்பிக்க மனம் வரவில்லை. மன்னித்தால் மன்னி, இல்லாவிட்டால் போ. புனித நிக்கோலாஸ் திருநாளுக்கு வீட்டுக்கு வந்தவன், ஏற்றிய மெழுகுவத்தி அணைவதற்குள் திரானாவுக்கு வண்டி ஏறிவிட்டாய். அடுப்பில் ஏரி மீன் வெந்துகொண்டிருந்தது. உனக்குப் பிடிக்குமே என்று ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக ஊற்றியிருந்தேன். பூனைக்குத்தான் கொடுத்துவைத்திருந்தது.

நீ என்ன செய்தாய் என்று உனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தாய். இந்த ஊரில் யாருக்குப் பாதிக் கோப்பை காபி ஊற்றுவார்கள்? பழி வாங்காமல் ஒளிந்து திரிகிறவனுக்கு, கொடுத்த வாக்கை விற்றவனுக்கு. ‘நீ பாதி மனுஷன்’ என்பதை வாயால் சொல்லாமல் காபியால் சொல்ல மலைச்சட்டம் வைத்த வழி அது. ஹம்தியின் காபிக் கடையில் இரண்டு மாதமாக அப்பாவுக்கு அப்படித்தான் ஊற்றுகிறார்கள். அவரும் தினம் போய் உட்கார்ந்து குடித்துவிட்டு வருகிறார். ஊரான் ஊற்றியதைக் குடித்தவர், பெற்ற பிள்ளை ஊற்றியதைத் தொடவில்லை. ஆறிப்போய் ஆடை படியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பட்டம் எப்படி வந்தது என்று ஒரு வார்த்தை கேட்டாயா? அக்டோபரில் இத்தாலிக்கார மேஜர் பொர்சாத்தி நம் வாசலில் வந்து நின்று, “வீட்டுக்காரரே, விருந்தாளியை ஏத்துக்குவீங்களா?” என்று நம் மொழியிலேயே கேட்டார். வாசலில் நின்று இப்படிக் கேட்பவனை இந்த நாட்டில் யார் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்? உட்கார்ந்தார். நம் ரொட்டியையும் உப்பையும் தின்றார். அப்பா ராக்கிச் சாராயம் ஊற்ற எழுந்தபோது, இவரும் எழுந்து, பையிலிருந்து சின்னப் பெட்டியை எடுத்து, அப்பாவின் மேல்சட்டையில் குத்திவிட்டார். மலைக் குடும்பங்களின் ரத்தப் பகையைத் தீர்த்து அமைதி காத்ததற்காக ராஜா தருகிறாராம், ஸ்கந்தர்பெக் பட்டம். அப்பாவின் ஒரு கையில் குப்பி, ஒரு கையில் கோப்பை. அரசாங்க ஆபீசில் கூப்பிட்டுக் கொடுத்திருந்தால் மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருப்பார். நம் கூரைக்குக் கீழே, நம் உப்பைத் தின்ற விருந்தாளியின் கையிலிருந்து வருவதை எப்படித் தட்டுவார்? அது தெரிந்துதான் அந்த மனுஷன் வீடு தேடி வந்தான்.

நீ படியிறங்கிய கொஞ்ச நேரத்தில் முடிவெட்டுகிற சிமோன் வந்தார். மேசைமேல் இருந்த கோப்பையைப் பார்த்துவிட்டு அப்பாவையும் பார்த்தார். அப்பா அவரிடம் ஒரு பொய் சொன்னார். அவர் வாயில் நான் கேட்ட முதல் பொய். என்ன பொய் என்று எழுத மாட்டேன். சிமோன் போனதும் அம்மாவின் சிலுவையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

சால்வையை மறந்துவிட்டுப் போயிருக்கிறாய். அனுப்பட்டுமா, இல்லை அதுவும் பாசிஸ்ட் சால்வையா?

தீலா


திரானா
4 ஜனவரி 1942

தங்கச்சி தீலா,

உன் கோபம் புரிகிறது. ஆனால் நீ வீட்டுக்குள் நின்று பார்க்கிறாய், நான் நாட்டைப் பார்க்கிறேன்.

அந்தப் பட்டத்தின் ஜாதகத்தைக் கேள். பிறந்து இரண்டு வயதுகூட ஆகவில்லை. நம் நாட்டை விழுங்கிய இத்தாலி ராஜா, நம் கிரீடத்தையும் தன் தலையில் வைத்துக்கொண்டு, நம்மவர்களை விலைக்கு வாங்க உண்டாக்கியது. யார் பெயரில்? அந்நியனை எதிர்த்து ஆயுள் முழுக்க வாளைக் கீழே வைக்காத ஸ்கந்தர்பெக்கின் பெயரில்! நம் இரட்டைத் தலைக் கழுகை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் அவர்களுடைய கட்சிச் சின்னமான கோடரி செருகிய கம்புக்கட்டு. கழுகைப் போலீஸ்காரன் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது. அதில் ஆளுக்குத் தகுந்த வகுப்பு வேறு. மந்திரிகளுக்குப் பெரிய நட்சத்திரம், அப்பா போன்றவர்களுக்குக் கடைசி வகுப்பு, ‘காவலியேர்’. குதிரைவீரன் என்று அர்த்தம். நம் வீட்டில் இருப்பது ஒரு கோவேறு கழுதை, அதுவும் நொண்டி.

இங்கே என் நண்பர்கள் என்னை எப்படிக் கூப்பிடுகிறார்கள் தெரியுமா? “வாங்க குட்டிக் காவலியேர்!” நேற்று ஒருவன் எனக்குச் சல்யூட் அடித்தான். சிரித்துவைத்தேன். பிறகு தெருமுனைக்குப் போய் நின்று அழுதேன்.

அப்பா அதைக் கழற்றித் திருப்பி அனுப்பட்டும். அன்றைக்கே வந்து அவர் கோப்பையில் ததும்பத் ததும்ப ஊற்றுகிறேன். அதுவரை என்னை வீட்டுக்குக் கூப்பிடாதே. சால்வையை அனுப்பு, இங்கே குளிர்.

காஸ்பர்


ஷ்கோத்ரா
20 ஜூன் 1942

அண்ணா,

சால்வை கிடைத்ததா இல்லையா என்று ஒரு வரி போட உனக்குக் கை வரவில்லை. இருக்கட்டும்.

உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “விருந்தாளி குடுத்ததைத் திருப்பி அனுப்புனா, அவன் நம்ம வீட்ல தின்ன உப்பையும் திருப்பிக் கேக்கற மாதிரி. அவனா வந்து கேட்டா குடுத்துடுவேன். அதுவரைக்கும் பெட்டியில கெடக்கட்டும்.” ஒருநாள்கூட அதை அவர் மாட்டியதில்லை. அம்மாவின் மரப்பெட்டிக்குள் கிடக்கிறது.

இப்போது சொல்லப்போவதை உட்கார்ந்து படி.

ஷாலா மலையில் பிபா வீட்டுக்கும் மாரா வீட்டுக்கும் அப்பா கட்டிவைத்த சமாதானம் உனக்கு நினைவிருக்கும். அதற்குப் பிணை என்ன, நிலமா, நகையா? அப்பாவின் வாக்கு ஒன்றுதான். போன வாரம் பிபா வீட்டார், “இத்தாலிக்காரன் பொம்மையை மாட்டிக்கிட்டவன் வாக்கு எங்களைக் கட்டாது” என்று சொல்லி, மாரா வீட்டு லாசரைச் சோளக் கொல்லையில் சுட்டுவிட்டார்கள். லாசருக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

அவன் அம்மா மலையிலிருந்து நடந்தே வந்தாள். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. “பாலோக்கா! உன் வாக்கை நம்பித்தானேய்யா கதவைத் தொறந்து எம்புள்ளையை வெளிய விட்டேன்! உன் வாக்கு செத்துப்போச்சுன்னு எனக்கு ஒரு ஆள் விட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா?” என்று கேட்டாள். அவள் போன பிறகும் அப்பா வாசலிலேயே நின்றார். அன்றிலிருந்து யார் வீட்டுப் பஞ்சாயத்துக்கும் அவரைக் கூப்பிடுவதில்லை. அவரும் ஹம்தி கடைக்குப் போவதை விட்டுவிட்டார்.

என் நிச்சயமும் முறிந்தது. மாப்பிள்ளை வீட்டார் மோதிரத்தைச் சாமியாரிடம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பையனுக்கு மூக்கு முழ நீளம், தொலைந்தது என்று சிரித்தேன். பட்ட காலிலேயே படும் என்பார்கள், நமக்குக் காலே மிஞ்சாது போலிருக்கிறது.

நீ வா அண்ணா. அவரிடம் எதையும் பேச வேண்டாம். பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் போதும்.

தீலா


1943 மே

தீலா,

இடம் எழுதவில்லை. கேட்காதே. இதைக் கொண்டுவருகிறவரை நம்பலாம், அவர் பெயரையும் கேட்காதே.

பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டேன் என்பதிலிருந்தே உனக்குப் புரிந்திருக்கும். இங்கே எல்லாரும் ஒருவரை ஒருவர் தோழர் என்றுதான் கூப்பிடுகிறோம். காஞ்சொறிக் கீரையை உப்பில்லாமல் வேகவைத்துத் தின்கிறோம். உன் மீன் குழம்பைப் பூனை தின்றதை நினைத்து நேற்று எனக்குப் பூனைமேல் கொலைவெறி வந்தது.

கம்பளிக் காலுறை இருந்தால் அனுப்பு. காய்ச்சல் மாத்திரை கிடைத்தாலும் அனுப்பு. அப்பா கேட்டால் உயிரோடு இருக்கிறேன் என்று சொல். கேட்காவிட்டால் சொல்லாதே.

கா.


ஷ்கோத்ரா
18 நவம்பர் 1943

அண்ணா,

அப்பா கேட்டார். தினமும் கேட்கிறார். காலுறையைப் பின்னியது நான், கம்பளி வாங்கிக்கொண்டு வந்தது அவர். உன் ஆள் நிமிர்ந்து பார்க்காமலே வாங்கிக்கொண்டு போனார்.

இங்கே நடந்ததைக் கேட்டால் சிரிப்பாயா அழுவாயா தெரியாது. செப்டம்பரில் இத்தாலி சரணடைந்துவிட்டது அல்லவா, ஜெர்மன்காரன் வந்து இத்தாலிக்காரர்களை வேட்டையாட ஆரம்பித்தான். மழை கொட்டிய ஒரு காலையில் வாசலில் ஒரு குரல்: “வீட்டுக்காரரே, விருந்தாளியை ஏத்துக்குவீங்களா?” மேஜர் பொர்சாத்திதான். பூட்ஸ் இல்லை. காலில் சாக்கைச் சுற்றியிருந்தார்.

நான் கதவை மூடப் போனேன், உண்மையைச் சொல்கிறேன். வேலியில் போன ஓணானை எடுத்து மறுபடியும் மடியில் விடுவதா? அப்பா என் கையை விலக்கிவிட்டார். “உள்ள வாங்க” என்றார். உன் பழைய கால்சட்டையைத்தான் கொடுத்தோம். இப்போது விறகு வெட்டுகிறார், கழுதைக்குத் தண்ணீர் காட்டுகிறார். யாராவது வந்தால், மலையிலிருந்து வந்த ஊமைச் சித்தப்பா. மேஜர் நன்றாகவே ஊமையாக நடிக்கிறார்.

வந்த மறுநாளே அப்பா பெட்டியைத் திறந்து பட்டத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

“குடுத்தவர் நீங்க. நீங்களே எடுத்துக்கங்க. இது வந்த நாள்லேருந்து என் வீட்ல நல்லது நடக்கலை.”

மேஜர் அதைத் தொடவே இல்லை. “நான் எப்படி வாங்கறது? குடுத்தது நான் இல்ல, ராஜா.”

“சரி, ராஜாகிட்ட குடுத்துடுங்க.”

“ராஜா ரோமாபுரியை விட்டே ஓடிட்டாருங்க.”

“அவருக்கு ஆபீசுன்னு ஒண்ணு இருக்குமே?”

“இருந்துச்சு. இப்ப அந்த ஆபீசும் இல்ல, அந்தப் பட்டமும் இல்ல. கழட்டவும் ஆள் இல்ல, வாங்கவும் ஆள் இல்ல.” அவர் அப்படியே அழ ஆரம்பித்துவிட்டார். விருந்தாளியை அழவைத்துவிட்டோமே என்று அப்பாவுக்குச் சங்கடமாகிவிட்டது. அவசரமாக எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

செத்துப்போன ராஜ்ஜியத்தின் பட்டம் நம் வீட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது. நீ கேட்ட மாதிரி திருப்பிக் கொடுக்கப் பார்த்தார் அண்ணா. வாங்கிக்கொள்ளத்தான் யாருமில்லை. இதற்காவது கோப்பையை நிறைப்பாயா?

தீலா


திரானா
19 டிசம்பர் 1944

அன்புத் தங்கச்சிக்கு,

வென்றுவிட்டோம். ஷ்கோத்ராவிலும் நம் கொடி ஏறிவிட்டது என்று கேட்டபோது தெருவில் நின்று கத்தினேன். எனக்குப் பெரிய பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள். உடனே வர முடியாது.

மேஜர் மார்ச்சில் காய்ச்சலில் இறந்ததாகச் சொல்லி அனுப்பியிருந்தாய். தோட்டத்தில் புதைத்ததை வெளியே சொல்லாதே. இப்போது முக்கியமான விஷயம். இத்தாலிக்காரனிடம் பட்டம் வாங்கியவர்கள் எல்லாரையும் விசாரிக்கப்போகிறார்கள். நான் இதை உனக்கு எழுதவே கூடாது. பெட்டியில் கிடப்பதைக் கொண்டுபோய் ஏரியில் போடு. யாராவது வந்து கேட்டால் அப்பா, “கட்டாயப்படுத்திக் குத்திவிட்டார்கள்” என்று சொல்லட்டும். அந்த ஒரு வார்த்தை போதும். இங்கே அப்படிச் சொன்ன பலரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா வந்து எதையும் நிரூபிக்க வேண்டாம், வாயைத் திறந்து ‘கட்டாயம்’ என்றால் முடிந்தது.

வெயில் வந்ததும் வருகிறேன்.

காஸ்பர்


ஷ்கோத்ரா
15 பிப்ரவரி 1945

அண்ணா,

அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஏரியில் போட நான் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். படகுத்துறைவரைக்கும் போய்விட்டேன். பின்னாலேயே வந்து வாங்கிக்கொண்டார். “செத்தவன் வச்சுட்டுப் போன பொருள் அது. உசுரோட இருந்தப்ப அவன் வாங்கிக்காததை, செத்தப்புறம் தண்ணியில எறியறதா?” என்றார். இந்த மனுஷனை என்ன செய்வது சொல்.

நேற்று வந்தவர்கள் இரண்டு பேர், இளவட்டங்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒருவன் வழி சொல்லிக்கொடுக்கிற மாதிரியே கேட்டான்: “பெரியவரே, அந்தப் பட்டமெல்லாம் இப்ப உங்ககிட்ட இல்லைதானே? தொலைஞ்சிருக்குமே?” அப்பா, “ஏன் தொலையணும்? இருக்கு” என்று சொல்லி உள்ளே போய் எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தார். அந்தப் பையன் முகம் தொங்கிப்போயிற்று. பிறகு தோட்டத்தில் மண்மேடு எதற்கு என்று கேட்டார்கள். அதற்கும் உண்மையையே சொன்னார்.

நீ வா. எதிரியிடம் சண்டை போட மலையேறிப் போனவன், அப்பாவுக்காக ஒரு பஸ் ஏறி வர மாட்டாயா? நீ விசாரணையில் வந்து நின்றால் போதும். நீ யாருடைய மகன் என்று அவர்கள் பார்க்கட்டும். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

தீலா


திரானா
8 மார்ச் 1945

தீலா,

வர இயலாது. விளக்கவும் இயலாது.

அப்பாவிடம் எப்படியாவது பேசு. ‘கட்டாயம்’. அந்த ஒரு வார்த்தை.

என்னிடம் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள், போட்டுக் கொடுத்தேன். அது வெறும் சடங்கு. அதைப் பற்றி ஏதாவது காதில் விழுந்தால் மனதில் வைத்துக்கொள்ளாதே.

கா.


ஷ்கோத்ரா
22 ஏப்ரல் 1945

காஸ்பருக்கு,

விசாரணையைச் சினிமாக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். நிற்க இடமில்லை. ஊர் முழுக்க வந்திருந்தது, நீ வரவில்லை.

நான் சாட்சி சொன்னேன். மேஜர் துப்பாக்கியை எடுத்து அப்பாவின் நெஞ்சில் வைத்து, வாங்கிக்கொள்ளாவிட்டால் சுடுவேன் என்றார், நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன் என்று, பைபிளைத் தொட்டவள் மாதிரி கூசாமல் பொய் சொன்னேன். விசாரணைத் தலைவர்கூடத் தலையை ஆட்டினார். “என்ன பெரியவரே, மகள் சொல்றது சரிதானே? உங்களைக் கட்டாயப்படுத்துனாங்கதானே?” என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

அப்பா எழுந்தார். என்னைப் பார்த்தார், கோபமாகக்கூட இல்லை. “மக பாசத்துல பொய் சொல்றா. என் வீட்ல, என் கூரைக்குக் கீழ, என்னை எவன் கட்டாயப்படுத்த முடியும்? விருந்தாளி குடுத்தான், நான் வாங்குனேன். என் வீட்ல வச்சு எவனோ என்னை மிரட்டினான்னு சொன்னா, அப்புறம் அது வீடா? என் வாயில பொய் வராது” என்றார்.

அப்பா! அப்பா! என்று கத்தினேன். என்னைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

பிறகு உன் தாளை வாசித்தார்கள். ‘எனக்குத் தந்தை என்று ஒருவர் இல்லை. இத்தாலியின் கூலிகளோடு எனக்கு எந்த உறவும் கிடையாது’ என்று நீ எழுதியது. சத்தமாக, ஒலிபெருக்கியில். அப்பா அதுவரை நிமிர்ந்துதான் நின்றார். அதைக் கேட்டதும் பக்கத்திலிருந்த நாற்காலியைத் தடவிப் பிடித்தார்.

வியாழக்கிழமை விடியலில் மயானச் சுவருக்குப் பக்கத்தில் சுட்டார்கள். எங்கே புதைத்தார்கள் என்று கேட்டேன், சொல்லவில்லை. மேஜருக்காவது நம் தோட்டத்தில் ஒரு இடம் கிடைத்தது. அப்பாவுக்கு அதுவும் இல்லை.

இனி எனக்கு எழுதாதே.

தீலா


திரானா
30 நவம்பர் 1946

தீலா,

நீ பதில் போட மாட்டாய் என்று தெரியும். ஆனாலும் சொல்ல வேறு யாருமில்லை.

நேற்று வெற்றிவிழாவில் எனக்கும் ஒரு பட்டம் கொடுத்தார்கள். புதிய அரசு உண்டாக்கியது. பெயர் என்ன தெரியுமா? ஸ்கந்தர்பெக் பட்டம். அதே பெயர்தான். கம்புக்கட்டு இல்லை, கிரீடம் இல்லை. எனக்கும் கடைசி வகுப்புதான். மார்பில் குத்தும்போது கைதட்டினார்கள். அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்று எழுத முடியாது, இந்தக் கடிதம் உன் கைக்கு முன்னால் வேறு கைகளுக்கும் போகும்.

வீட்டுக்கு வந்து கழற்றி மேசைமேல் வைத்தேன். ராக்கி ஊற்றிக்கொண்டு அதற்கு எதிரில் உட்கார்ந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

காஸ்பர்


திரானா
21 நவம்பர் 1948

தீலா, என் தங்கமே,

இதை லாரி ஓட்டுகிற ஒருவர் கையில் கொடுக்கிறேன். படித்ததும் அடுப்பில் போடு.

யூகோஸ்லாவியாவோடு உறவு முறிந்த பிறகு இங்கே ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். பட்டத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இதை வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது பார். வேலையும் போயிற்று. என் கோப்பின் முதல் பக்கத்திலேயே ‘பாசிஸ்ட் காவலியேரின் மகன்’ என்று எழுதியிருக்கிறது. 1945-லேயே அவரை மறுத்துக் கையெழுத்துப் போட்டேனே என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சிரித்தார். “ஜெயிச்ச பிறகு யார் வேணும்னாலும் எழுதுவான். இத்தாலிக்காரன் ஆட்சியில இருந்தப்ப, உங்கப்பன் மாருல அது தொங்குனப்ப, நீ என்ன செஞ்சே? மலையேறினதுகூட வேவு பார்க்கவா இருக்கலாமே. அதுக்கு முன்னாடி என்ன செஞ்சே?” என்று கேட்டார்.

அப்போதுதான் நினைவு வந்தது. பாதிக் கோப்பை! 1941 திருநாள் அன்று, என் கையால் ஊற்றினேனே! அதைச் சொன்னேன். அவரும் மலைக்காரர்தான், அதன் அர்த்தம் அவருக்குத் தெரியும். முகம் மாறியது. “அப்பனுக்கா ஊத்துனே? அப்படின்னா அது பெரிய விஷயம். சாட்சி இருக்கா?” என்றார். நீ இருந்தாய். நீ மட்டும்தான் இருந்தாய்.

ஷ்கோத்ராவில் போய்ச் சொல். என் மகளுக்கு இன்னும் பல்கூட முளைக்கவில்லை, என்னைக் கொண்டுபோனால் இவளையும் இவள் அம்மாவையும் ஏதோ சதுப்பு நிலத்து முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். உன்னிடம் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. கேட்கிறேன். நான் அவருக்குப் பாதிக் கோப்பை ஊற்றினேன் என்று சொல். அது உண்மைதானே, தீலா? பொய் சொல்லக் கேட்கவில்லையே?

உன் அண்ணன்


ஷ்கோத்ரா
9 டிசம்பர் 1948

அண்ணா,

போனேன். உனக்காகப் போகவில்லை. ஏன் போனேன் என்று கடைசியில் சொல்கிறேன்.

அம்மாவின் சிலுவையில் கைவைத்துச் செய்த சத்தியத்தை உடைத்துவிட்டுப் போனேன். அதிகாரி உட்காரச் சொன்னார். நடந்ததை நடந்தபடி சொன்னேன். மீன், மெழுகுவத்தி, நீ காபிப் பாத்திரத்தை எடுத்தது, பாதியில் நிறுத்தி அப்பா முன்னால் தள்ளியது, எல்லாம். அவர் எழுதிக்கொண்டார். “அப்ப வீட்டுக்கு வேற யாராவது வந்தாங்களா?” என்றார். சிமோன் வந்தார் என்று நானே சொன்னேன். அறிவு கெட்டவள் நான், எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

சிமோனைக் கூட்டிவந்தார்கள். பாவம் மனுஷன். உனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்.

“கோப்பை பாதியாத்தான் இருந்துச்சுங்க. நானும் பார்த்துட்டுத் திக்குன்னு ஆயிட்டேன். ஆனா பாலோக் பெரியவரே சொன்னாரு: ‘பையன் ததும்பத் ததும்ப ஊத்திக் குடுத்தான் சிமோன். நான்தான் பாதி குடிச்சுட்டு வச்சிருக்கேன். அவனுக்கு என்மேல அவ்வளவு மரியாதை’ன்னு. மறுநாள் ஹம்தி கடையில எல்லார் முன்னாடியும் சொன்னாரு. ‘நீங்க பாதி ஊத்துங்கடா, எம்புள்ள எனக்கு நிறைய ஊத்துவான்’னு. சுத்தி இருந்தவங்க எல்லாரும் கேட்டாங்க.”

இதுதான் அண்ணா அந்தப் பொய். சிமோன் போன பிறகு என்னிடம் அவர் சொன்னது: “என் மானம் போனது போகட்டும். அப்பனுக்குப் பாதி ஊத்துனவன்னு நாளைக்கு என் புள்ளையைப் பார்த்து எவனும் கைநீட்டக் கூடாது. அவனுக்கு எந்த வீட்லயும் ரொட்டி கிடைக்காது. நீ சாகறவரைக்கும் இதைச் சொல்லக் கூடாது.” அவர் உனக்காகச் சொன்ன பொய் அது. அதற்காகத்தான் போனேன்.

நான் மேசையைத் தட்டிக் கத்தினேன். அவர் சொன்னது பொய், மகனைக் காப்பாற்றச் சொன்ன பொய் என்று. அதிகாரி பேனாவை மூடினார். அப்பாவை விசாரித்த அன்று கொட்டகையில் அவரும் இருந்தாராம்.

“அம்மா, உங்கப்பாவை நான் பார்த்திருக்கேன். ‘கட்டாயம்’னு ஒத்த வார்த்தை சொல்லியிருந்தா உசுரு பொழைச்சிருப்பாரு. அதையே சொல்லாத மனுஷன். என் வாயில பொய் வராதுன்னு சொல்லிட்டுச் செத்தவரு. அவரா ஒரு கோப்பைக் காபிக்குப் பொய் சொல்லியிருப்பாரு? நீங்கதான் அன்னைக்கும் பொய் சொன்னீங்க, இன்னைக்கும் சொல்றீங்க.”

‘பாசிஸ்ட் தந்தையின் பட்டத்தைக் கௌரவித்து மகன் கோப்பை நிறைய ஊற்றினான்’ என்று எழுதி, சிமோனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அது இன்று திரானாவுக்குப் போகிறது. இந்தக் கடிதமும் அதே சாலையில்தான் வருகிறது. எது முதலில் வந்து சேரும் என்று எனக்குத் தெரியாது.

குழந்தையையும் அவள் அம்மாவையும் எப்படியாவது இங்கே அனுப்பிவிடு. சோள ரொட்டி இருக்கிறது, பார்த்துக்கொள்கிறேன்.

உன்னைத் திட்டவேண்டும் என்று நான்கு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. ஊர் முழுக்க இப்போது ஒரே பேச்சுதான் அண்ணா: பாலோக்கின் மகன் தன் அப்பாவுக்குத் ததும்பத் ததும்ப ஊற்றினான் என்று. எல்லாரும் நம்புகிறார்கள்.

தீலா